துமியின் முகம்

டைட்டில் பாட்டை ஓட்டிவிடலாமா என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். பிலோவுக்கு அது பிடிக்காது. பதினொரு வயதில், பாட்டு ஓடும்போது நான் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூடப் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பாள் என் தங்கை. இப்போது முப்பத்தொன்று. சோபாவின் அந்த மூலையில், என் பழைய நைட்டியில், காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறாள். மதுரையிலிருந்து ஒரே ஒரு பையோடு மெட்ராஸுக்கு என்னிடம் வந்து நாலு நாளாக எதையும் கேட்காதவள், இன்று காலையில் தோசைத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "அக்கா, ஈரா பதினேழாவது எபிசோட் போடுதியா" என்று கேட்டாள். போட்டேன். மணி பத்து இருபது. எபிசோட் இருபத்திரண்டு நிமிடம். பதினோரு மணிக்கு எஸ்தர் மைனி வருகிறார், பிலோவின் புருஷன் எட்வினுக்கு அக்கா, இவளைக் கூட்டிக்கொண்டு போக. எட்வினும் வருகிறான், ஆனால் மேலே வரமாட்டானாம். எஸ்தர் மைனி நேற்று போனில் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "தம்பி கீழ கார்லயே இருப்பான் ஜெசி. அவளைப் பையெல்லாம் எடுத்து வச்சு ரெடியா இருக்கச் சொல்லு." அதற்கு நான் சரி என்றேன். சரி மைனி என்றேன். ஏன் சரி என்றேன். யார் எது கேட்டாலும் முதலில் வருகிற வார்த்தை அதுவாக இருக்கிறது. அதற்கப்புறம் அம்மா பாளையங்கோட்டையிலிருந்து கூப்பிட்டாள். "ஏட்டி, அவளுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பி வை. நீதான் கல்யாணம் வேண்டாம்னு உக்காந்துட்ட. அவளும் வந்து உக்காந்தா நான் கோயிலுக்கு எந்த மூஞ்சியோட போவேன்." அதற்கும் சரிம்மா.

படத்தின் மேல்விளிம்பு வளைகிறது. கேசட்டிலிருந்து எடுத்தது, அதனால். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் 'ஏழு தீவு ஈரா' போடுவார்கள், எந்த நாட்டில் வரைந்ததோ, தமிழில் பேசவைத்துப் பேரையெல்லாம் மாற்றியிருந்தார்கள். இறக்கை முளைத்த படகில் தீவு தீவாகக் கடிதம் கொண்டுபோகிற பெண் ஈரா, அவள் தங்கை துமி, படகைத் திருப்பத் தெரிந்த ஒரு கிழட்டுக் கரடி. ஐம்பத்திரண்டு எபிசோடில் இந்தப் பதினேழு மட்டும் இருபது வருஷமாக யாரிடமும் இல்லை. இணையத்தில் எங்கள் ஈரா குழுவில் மூவாயிரம் பேர் இருக்கிறோம், ஒருவரிடமும் இல்லை. எட்டு மாதத்துக்கு முன் தூத்துக்குடியில் ஒருவர் பரணில் கிடந்த வீடியோ கேசட்டிலிருந்து எடுத்து ஏற்றினார். குழுவே கொண்டாடியது. ஜெசிக்கா, நீங்கதான் முதல்ல பாத்து எழுதணும் என்று எல்லோரும் எழுதினார்கள். நேரமில்லை என்று பதில் போட்டேன். நேரம் இருந்தது. அதோ அந்த மேகம், முயல் காது மாதிரி இரண்டாகப் பிரிந்தது, படகு இடப்பக்கம் போகும்போது வரும், வலப்பக்கம் திரும்பும்போதும் அதே மேகம் வரும். வரைந்தவர்கள் சோம்பேறிகள் என்று நான் சொல்வேன். மேகமும் கூட வருதுக்கா என்று பிலோ சொல்வாள். அதற்கெல்லாம் ஒரு நோட்டு வைத்திருந்தோம். இப்போது அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "கழுத்துத் துணி பச்சையாவும் பாரு" என்றாள். அடுத்த காட்சியில் ஈராவின் கழுத்தில் நீலத் துணி பச்சையாயிற்று, அதற்கடுத்ததில் மறுபடி நீலம். அவள் சொன்ன பிறகுதான் மாறியது. ஞாபகம் என்று நினைத்தேன். இருபது வருஷம் ஒரு குழந்தை அதை ஞாபகம் வைத்திருக்குமா என்று அப்போது தோன்றவில்லை. அவள் காபி டம்ளரை எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையாலும் எடுக்கிறாள். இடது கை சும்மா ஒப்புக்குத்தான் வருகிறது, மணிக்கட்டு ஒரு பக்கமாகத் தடித்திருக்கிறது, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்குவதில்லை. வந்த அன்றே பார்த்துவிட்டேன். என்ன ஆச்சு என்று கேட்டதற்கு மாடிப்படி என்றாள். நானும் மாடிப்படியை வாங்கி வைத்துக்கொண்டேன். நாள் முழுக்க ஆட்களின் முகத்தில் ஃப்ரேமை மாட்டி, இது தெளிவா இருக்கா, இதுக்கு முன்னால போட்டது தெளிவா இருந்துச்சா என்று கேட்டுக் கேட்டுக் கண்ணாடிக்கு எழுதிக் கொடுக்கிறவள் நான். வீட்டுக்குள் ஒரு கேள்விக்கு மேல் கேட்கமாட்டேன்.

பத்து இருபத்தேழு. மூடுபனித் தீவு வந்துவிட்டது. அந்த இசை, ஒற்றைக் குழல், வயிற்றுக்குள் ஏதோ இறங்குகிறது, பதினாலு வயதில் இறங்கிய அதே இடத்தில். ஊரில் விளக்கெல்லாம் அணைந்துவிட்டது, நெருப்பு எடுத்துவர ஈரா மூடுபனித் தீவுக்குப் போகிறாள், அங்கே தோணிக்காரன் கூலி கேட்பான். கூலி, ஒரு முகம். யாராவது ஒருவருடைய முகத்தை அவனிடம் விட்டுவிட வேண்டும், அப்புறம் அந்த ஆள் எதிரே வந்து நின்றாலும் அடையாளம் தெரியாது. ஈரா துமியின் முகத்தைக் கொடுப்பாள். இதை நானும் பிலோவும் எத்தனை தடவை நடித்திருப்போம், கட்டில்தான் படகு, போர்வைதான் பனி. நான் எப்போதும் ஈரா. அவள் எப்போதும் துமி, அதோடு தோணிக்காரனும் அவள்தான், கரடியும் அவள்தான். ஒருநாள் நான் ஈராவா இருக்கேனே என்று கேட்டாள், உனக்கு அழத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். ஈரா முழுசாக ஒரு நிமிஷம் அழுவாள் என்பது என் நினைப்பு. நிற்பாள், தயங்குவாள், யாரையெல்லாமோ நினைத்துப் பார்ப்பாள், அழுவாள், கடைசியில்தான் சொல்வாள். அப்படியேதான் குழுவிலும் எழுதினேன், எபிசோட் கிடைக்காத காலத்தில், ஞாபகத்திலிருந்து. 'ஈராவின் ஒரு நிமிடம்' என்று தலைப்பு. நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். எழுதிய நாளும் மறக்காது. போன வருஷத்துக்கு முந்தின பிப்ரவரி, ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். லீவு போட்டிருந்தேன். போனில்தான் எழுதுவேன், கட்டை விரலால். எழுதிக்கொண்டிருக்கும்போது திரையின் மேல்பகுதியில் பிலோ என்று பெயர் வந்தது. வேண்டாம் என்று தள்ளக்கூட இல்லை, அடித்து ஓயட்டும் என்று விட்டேன், நல்ல வரி ஒன்று பாதியில் நின்றுகொண்டிருந்தது. ஓய்ந்தது. எழுதினேன். மறுபடி பிலோ. மறுபடி ஓய்ந்தது. நாலு தடவை. நாலாவது தடவை எரிச்சல்கூட வந்தது, கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆயிற்று, இன்னும் எல்லாவற்றுக்கும் அக்காவா என்று. முடித்து, போட்டுவிட்டு, யார் யார் படித்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்து, ராத்திரி எட்டு மணிக்கு அவளைக் கூப்பிட்டேன். எட்வின்தான் எடுத்தான். "சமையல்ல இருக்கா" என்றான், மரியாதையாகத்தான். மறுநாள் அவள், "போன்ல சார்ஜ் இல்லையாக்கா" என்று கேட்டாள். ஆமா என்றேன். நான் பொய்யை யோசித்துச் சொல்லவில்லை. அவளே எடுத்துக் கொடுத்தாள், வாங்கிக்கொண்டேன்.

தோணிக்காரன் வந்துவிட்டான். இந்தக் குரல் வேறு யாரோ, நடுவில் ஆள் மாற்றியிருக்கிறார்கள், இதையும் எழுத வேண்டும். இல்லை, இதை எழுதக்கூடாது, எதையும் எழுதக்கூடாது. "எந்த முகத்தை விட்டுட்டுப் போறே" என்கிறான். ஈரா நிமிர்கிறாள். நான் அந்த ஒரு நிமிஷத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டேன். "துமி" என்றாள் ஈரா. அவ்வளவுதான். கண்ணீர் இல்லை. தயங்கவில்லை. கேட்டான், சொன்னாள், மூன்று விநாடி இருக்குமா. தோணி நகர்ந்துவிட்டது. ரிமோட்டை எடுத்துப் பின்னுக்குத் தள்ளிப் போட்டேன். எந்த முகத்தை விட்டுட்டுப் போறே. துமி. மறுபடி. துமி. கேசட்டில் வெட்டுப்பட்டிருக்கும், விளம்பரம் வந்த இடத்தில் ஒட்டும்போது போயிருக்கும் என்று சொல்ல நினைத்தேன், ஆனால் பின்னால் தண்ணீர் அலை விடாமல் ஓடுகிறது, எங்கும் வெட்டில்லை. வேறு முகங்கள் இல்லையா அவளுக்கு, கரடி இருக்கிறது, படகுத்துறைத் தலைவர் இருக்கிறார், பிடிக்காத அத்தை ஒருத்தி இருக்கிறாள். மூன்று விநாடியில் துமி. எந்த முகம் போனால் சத்தம் போடாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஒரு நிமிஷ அழுகை கட்டிலில் நின்று நான் அழுதது. இருபது வருஷமாக அதை ஈராவுக்குக் கொடுத்து வைத்திருக்கிறேன். மூன்றாவது தடவை ஓடும்போதுதான் பிலோவின் உதட்டைப் பார்த்தேன். தோணிக்காரன் கேட்பதற்கு ஒரு கணம் முன்பே அவள் உதடு அசைந்தது, சத்தமில்லாமல். துமி என்பதற்கும் அசைந்தது.

"நீ இதைப் பாத்திருக்கியா" என்றேன்.

"ஏத்தின அன்னைக்கே பாத்தேன். நிறைய தடவை பாத்தாச்சு."

"ஒரு நிமிஷம் அழுவான்னு நான் எழுதினேனே, தப்புன்னு சொல்லியிருக்கலாம்ல."

"நீ நல்லா எழுதியிருந்தக்கா" என்றாள். அப்புறம், "பாத்ரூம்ல வச்சுப் பாப்பேன். சத்தத்த நிறுத்திட்டு. அவங்களுக்கு நான் போனும் கையுமா இருந்தா ஆகாது. வசனம் கேக்காதுல்ல, வாயப் பாத்து நானே சொல்லிக்கிடுவேன்" என்றாள்.

அவங்களுக்கு. அவள் எட்வின் பெயரை இந்த நாலு நாளில் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஒரு குளியலறை, ஓடுகிற தண்ணீர்க் குழாய், அதற்குள் முப்பது வயதுப் பெண் ஒருத்தி துமிக்கும் தோணிக்காரனுக்கும் கரடிக்கும் சேர்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருக்கிறாள். ரிமோட்டைச் சோபாவில் வைத்தேன். பத்து முப்பத்தெட்டு. இப்போது சொல்லாவிட்டால் பதினோரு மணிக்குப் பிறகு சொல்ல முடியாது. பதினோரு மணிக்குப் பிறகு இவள் இங்கே இருப்பாளா என்பதே தெரியாது, நான்தானே சரி மைனி என்றவள்.

"பிலோ, அன்னைக்கு நீ நாலு தடவை கூப்பிட்டல்லா. போன்ல சார்ஜ் இருந்துச்சு."

"தெரியும்" என்றாள். "அஞ்சே முக்காலுக்கு நீ குழுவுல போஸ்ட் போட்ட. உன்கிட்ட கம்ப்யூட்டர் கிடையாதே. நான் லைக்கும்கூடப் போட்டேன், நீ பாக்கலியா?"

பார்க்கவில்லை. முந்நூற்றுச் சொச்சம் பேர். அதில் ஒருத்தி. "எங்க இருந்து கூப்பிட்ட" என்றேன்.

"மாட்டுத்தாவணியில பஸ்ஸ்டாண்டுல. பையோட வந்துட்டேன். மெட்ராஸ் பஸ் நின்னுது. வரலாமான்னு உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஏறலாம்னு நின்னேன்." திரையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். "உன் போஸ்ட்ட அங்க நின்னுதான் படிச்சேன். படிச்சிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்."

"ஏன் என்கிட்ட ஒண்ணும் கேக்கல பிலோ."

"கேட்டா நீ சங்கடப்படுவ. அப்புறம் எனக்கு வாரதுக்கு வேற எடம் எது."

படத்தில் நெருப்புக் கிடைத்துவிட்டது. ஈரா திரும்புகிறாள். எனக்குச் சத்தம் மட்டும் காதில் விழுகிறது. இவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று தோன்றியது. உடனே, இவளுக்கு என்ன தெரியும் என்றும் தோன்றியது. அவளுக்குத் தெரிந்தது போன் மட்டும்தான். அடியில் இருப்பதை யாருக்கும் தெரியாமல் நான் வைத்திருக்கிறேன், எனக்கே தெரியாதது மாதிரி. எட்வின் வீட்டிலிருந்து பெண் பார்க்க வந்தது பிலோவை அல்ல. என்னை. நாலு வருஷத்துக்கு முன்னால், பாளையங்கோட்டை வீட்டில், ஒரு பகல் பதினோரு மணிக்கு. எட்வின், அவன் அம்மா, எஸ்தர் மைனி. எல்லோரும் நல்லபடியாகப் பேசினார்கள், அப்பாவுக்கு அவனை ரொம்பப் பிடித்தது. டீ குடித்தபின் அவன் அம்மா கை கழுவப் பின்பக்கம் போனார்கள், கூடவே அவனும் போனான், டீயைத் தட்டிவிட்டு அவன் சட்டையில் அந்த அம்மாள் கொஞ்சம் சிந்தியிருந்தார்கள். துண்டு கொடுக்க நான் போனேன். வாஷ்பேசின் பக்கத்தில் அவன் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தான். பிடித்து முறுக்கினான், கோபமே இல்லாமல், குழாயை இறுக்கி மூடுகிற மாதிரி. அந்த அம்மாள் வாயைத் திறக்கவில்லை. அவன் விட்டதும் வளையலைக் கீழே இறக்கி அந்த இடத்தை மறைத்தார்கள், ரொம்ப நாள் பழக்கம் என்பது பார்த்தாலே தெரிந்தது. துண்டோடு நான் சமையல்கட்டு வாசலில் நின்றேன். எதிர்ப்பக்கம் எஸ்தர் மைனி நின்றிருந்தார். அவரும் பார்த்தார். நான் பார்த்ததையும் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு முன்பக்கம் போய்விட்டார். அன்று சாயங்காலம் எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னேன். ஏன் என்று அம்மா கேட்டாள், அப்பா கேட்டார். சும்மா, பிடிக்கல. அவ்வளவுதான் என் வாயிலிருந்து வந்தது. சொன்னால் நம்புவார்களா, அந்த அம்மாளே சிரித்துக்கொண்டு போனார்களே, நாம் சரியாகப் பார்த்தோமா. நான் தப்பித்துவிட்டேன், மெட்ராஸுக்கு ரயில் ஏறிவிட்டேன். பத்து நாள் கழித்து அம்மா போன் பண்ணினாள், நல்ல இடம், விட மனசில்லை, அவங்களுக்கும் சம்மதம், பிலோவுக்குப் பேசி முடிச்சிட்டோம் என்று. அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வரி போதும். நான் எவ்வளவு நேரம் யோசித்தேன். சரிம்மா என்றேன். எத்தனை விநாடி இருக்கும்.

படகுத்துறை வந்துவிட்டது. ஈரா இறங்குகிறாள், துமி ஓடி வருகிறாள், ஈரா குனிந்து, "பாப்பா, நீ யார் வீட்டுப் பொண்ணு" என்கிறாள். துமி அவளையே பார்க்கிறாள். "பக்கத்து வீடு" என்கிறாள், சொல்லிவிட்டுப் படகின் கயிற்றை வாங்கிக் கட்டப் போகிறாள். பிலோ உதட்டை அசைக்கவில்லை இந்த இடத்தில், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பெயர்கள் ஓடத் தொடங்கியபோது அழைப்பு மணி அடித்தது. பத்து நாற்பத்தைந்துதான் ஆகியிருந்தது. பிலோ டிவியை நிறுத்திவிட்டு எழுந்து அறைக்குள் போனாள். பை கட்டிலில் தயாராக இருந்தது, ஜிப் மூடியிருந்தது. எப்போது எடுத்து வைத்தாள். நான் போகச் சொல்வேன் என்று இருந்திருக்கிறாள்.

எஸ்தர் மைனி இரண்டு மாடி ஏறியதில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். நல்ல பட்டு, கழுத்தில் சிலுவைச் சங்கிலி. பிலோ பழக்கத்தில் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள், இரண்டு கையாலும் சொம்பைப் பிடித்துக்கொண்டு. எஸ்தர் மைனி அந்தக் கையைப் பார்க்காமல் வாங்கிக் குடித்தார்.

"கிளம்பலாமா பிலோமினா. தம்பி ரொம்ப நேரமாக் கீழ இருக்கான்."

"மைனி, அவ இங்க இருக்கட்டும்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி சொன்னேன்.

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும் ஜெசி. நீ கல்யாணம் பண்ணியிருந்தா உனக்குத் தெரியும்."

பிலோ என் நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றாள், இதைச் சொன்னால் அவளும் கேட்பாள், அவள் இல்லாமல் இதைச் சொல்ல வழியில்லை. "இந்தச் சம்பந்தம் முதல்ல எனக்குத்தான வந்துச்சு" என்றேன். "நான் ஏன் வேண்டாம்னேன்னு ஒருத்தர்ட்டயும் சொல்லல. அம்மாட்ட சொல்லல, இவகிட்டயும் சொல்லல. அன்னைக்கு வாஷ்பேசின் பக்கத்துல உங்க அம்மா கைய அவர் என்ன செஞ்சார்னு நான் பாத்தேன். நீங்களும் பாத்தீங்க."

எஸ்தர் மைனி தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தார். வைத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே தெருவில் கார் ஹார்ன் அடித்தது. இன்னொரு தடவை, நீளமாக. அவர் எழுந்து ஜன்னலுக்குப் போவார் என்று நினைத்தேன், போகவில்லை. "அம்மா கடைசிவரை யார்ட்டயும் சொல்லல" என்றார் மெல்ல, எங்களுக்குச் சொல்வது மாதிரி இல்லை.

"நீங்க போங்க மைனி" என்றாள் பிலோ. "நான் வரல."

எஸ்தர் மைனி முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு எழுந்தார். போகும்போது பிலோவின் இடது கையைத் தொட வந்தவர், தொடாமல் இறங்கிப் போனார். பிலோ கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். கீழே கார் கிளம்புகிற சத்தத்துக்காக இரண்டு பேரும் காத்திருந்தோம். ரொம்ப நேரம் ஆயிற்று. கிளம்பியது. அவள் கதவைப் பார்த்தபடியே நின்றாள்.

"அன்னைக்கு என்கிட்டச் சொல்லியிருக்கலாம்லக்கா" என்றாள்.

"ஆமா" என்றேன்.

அவள் திரும்பவில்லை.